சத்தம் தேவையில்லை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராமாமணி தன் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். பெட்டிக்குள் விசிறி சுற்றத் தொடங்கியது. ஒற்றை 'பீப்' கேட்டது. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடி ஓய்ந்தது. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமாக ஒன்றரை நிமிடத்தில் சின்னதாக ஓர் இசைத் துணுக்கு வரும். அதைத் தொடர்ந்து ஓர் ஆணின் தட்டையான ஆங்கிலக் குரல் வரும். அன்று ஐந்து நிமிடமாகியும் எதுவும் வரவில்லை.

ராமாமணிக்குப் பார்வை கிடையாது. எட்டு வயதில் ஒரு காய்ச்சலோடு போனது. சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்து, பி.ஏ. ஆங்கிலம் முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். இரண்டு வருடமாகப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில், படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் இ-மெயில்களைப் படித்து, பதில் எழுதுவது அவள் பொறுப்பு. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அந்த ஆண் குரல் அவள் காதில் படித்துச் சொல்லும். அதற்கான மென்பொருளை வேலைக்குச் சேரும்போது அவளே கொண்டு வந்தாள். ஹாம்பர்க்காரர்களின் சுற்றி வளைத்த ஆங்கிலமும் ராட்டர்டாம்காரர்களின் வெட்டிப் பேசும் ஆங்கிலமும் அந்தக் குரலில் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஆனால் யார் கோபமாக எழுதியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது வரியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

அது 1999 செப்டம்பர். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதியைத் தப்பாக எடுத்துக்கொண்டு குழம்பிவிடும் என்று எல்லா அலுவலகங்களும் பயந்துகொண்டிருந்த நேரம். இந்தக் கம்பெனியிலும் ஐந்து கம்ப்யூட்டர்களுக்குப் புது விண்டோஸ் போட்டு, ஐந்தையும் கேபிள் வைத்து ஒன்றோடொன்று இணைப்பதென்று முடிவானது. கோயமுத்தூரிலிருந்து ஓர் எஞ்சினியர் சனிக்கிழமை வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை ராமாமணி லீவு. தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ஊருக்குப் போயிருந்தாள்.

முதலில் இயர்போன் மேல்தான் சந்தேகம் வந்தது. கைப்பையில் எப்போதும் இருக்கும் குட்டி ரேடியோவை எடுத்து அதில் செருகிப் பார்த்தாள். கோவை வானொலியில் யாரோ நிலக்கடலைக்கு மண் அணைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் கைவிட்டுத் தடவினாள். சவுண்டு கார்டின் மூன்று துளைகளும் இருந்த இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்தாள். மூன்றும் ஊமை. பக்கத்தில் சனிக்கிழமை வரை இல்லாத ஒரு புது கேபிள் விரலில் தட்டுப்பட்டது.

"லோகு, கொஞ்சம் வந்து என்ர ஸ்கிரீனைப் பாரு."

அடுத்த மேசையில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் லோகப்பிரியா எழுந்து வந்தாள்.

"எல்லாம் நல்லா வந்திருக்குங்கக்கா. படமெல்லாம் புதுசா, அழகா இருக்குது."

"கீழ வலது மூலைல, மணி காட்டுற எடத்துக்குப் பக்கத்துல, ஸ்பீக்கர் மாதிரி ஒரு மஞ்சப் படம் இருக்கா?"

லோகப்பிரியா குனிந்து பார்த்தாள். "இல்லீங்களே. மணி மட்டுந்தான் இருக்குது."

ராமாமணி எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனாள். அவள் மேசையிலிருந்து பதினொரு எட்டு. மேனேஜர் கோபாலசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். அலுவலகத்தில் எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"சார், என்ர மெஷின்ல சத்தம் வரலீங்க. சனிக்கெழம என்னமோ செஞ்சிருக்காங்க."

பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"அதுங்களா அம்மணி... புது சிஸ்டத்துல அந்தப் பாட்டு, சத்தமெல்லாம் வராதாட்ட இருக்குதுங்க."

"பாட்டு இல்லீங்க சார். அது படிச்சாத்தானுங்க எனக்கு வேல."

"புரியுதுங்க, புரியுதுங்க. எஞ்சினியர்கிட்டப் பேசிட்டுச் சொல்றனுங்க."

அரை மணி நேரம் கழித்து அவரே அவள் மேசைக்கு வந்தார். எஞ்சினியருக்குக் கோயமுத்தூர் முழுக்க வேலை இருக்கிறதாம். பதினைந்து நாளாவது ஆகுமாம்.

"பதினஞ்சு நாள் நான் என்னங்க சார் பண்றது?"

"மெயிலெல்லாம் லோகு பாத்துக்குமுங்க. நீங்க செக்கிங் ஹால்ல போய் உக்காருங்க அம்மணி. துணியத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் கைவெரல்ல கண்ணு இருக்குதே."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ராமாமணிக்குக் காது மடல் சுட்டது. கைத்தடியை எடுத்துக்கொண்டு போனாள்.

செக்கிங் ஹாலில் இருபது பெண்கள் வரிசையாக நின்று, டியூப் லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து, எண்ணெய்க் கறையும் சாயக் கோளாறும் தேடிக்கொண்டிருந்தார்கள். கறையைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சாயத்தையும் முடியாது. பாவாத்தாள் என்ற பெண் ஓடிப்போய் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டாள். டீ வாங்கிக் கொடுத்தாள்.

"நீங்க சும்மா உக்காருங்க கண்ணு. உங்கள ஆரு என்ன கேக்கப் போறாங்க?"

ராமாமணி தலையணை உறைகளை மடித்தாள். மடித்ததை யாரோ எடுத்துப் போய், அளவு பார்த்து, திரும்பவும் மடித்தார்கள். அவளுக்குத் தெரியக்கூடாதென்று மெதுவாகத்தான் மடித்தார்கள். அவளுக்குத் தெரிந்தது. துணி உதறும் சத்தம் யாருக்குக் கேட்காது? ஐந்து மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏறி விடுதிக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றில் கை வைக்க முடியாத அளவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்பதுதான் விளங்கவில்லை. எஞ்சினியர் மேலா, விண்டோஸ் மேலா, இரண்டாயிரம் வருடத்தின் மேலா?

செவ்வாய்க்கிழமை அவள் செக்கிங் ஹாலுக்குப் போகவில்லை. நேராகத் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மேனேஜரு ஈரோட்டுக்குப் போயிருக்காருங்கக்கா. மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு" என்றாள் லோகப்பிரியா. பிறகு தயங்கி, "ஹாம்பர்க்ல இருந்து மூணு மெயில் வந்திருக்குதுங்கக்கா. எனக்கு ஒரு எழவும் புரியல. அப்படியே வெச்சிருக்கேன்" என்றாள்.

ராமாமணி டெலிபோனை இழுத்து வைத்துக்கொண்டு, ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் ஒரு வங்கிக் கிளையைக் கூப்பிட்டாள். அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் சசிதர் அவளோடு பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவன். அவனுக்கும் பார்வை இல்லை. அவன் வீட்டிலும் இதே மென்பொருள்தான்.

வங்கியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்த குரல், அவள் பேசியதும் மாறியது. "ராமா, என்ன இந்நேரத்துல?"

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"புது விண்டோஸ்ல வராதுன்னு சொன்னது ஆரு? எங்கூட்டுல அதுதான் ஓடுது. ரெண்டு மாசமா நல்லாப் படிக்குதே."

ராமாமணி ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள். "நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கென்ன? ஆமா, நெட்வொர்க் கார்டு புதுசாப் போட்டாங்களா?"

"பின்னால ஏதோ கேபிள் இருக்குது."

"அப்ப அதுதான். உள்ள இருக்கற ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் இருக்குது. பிராசசரைக் கூப்பிடறதுக்கு. ஒரே எக்ஸ்டென்ஷனை ரெண்டு பேருக்குக் குடுத்தா என்னாகும்? ஆரும் பேச முடியாது. உன்ர சவுண்டு கார்டும் புதுக் கார்டும் ஒரே நம்பர்ல நிக்கும். ஒண்ண மாத்தி உட்டாப் போதும். கண்ட்ரோல் பேனல்ல சிஸ்டம், அதுல டிவைஸ் மேனேஜர். பக்கத்துல ஆராச்சும் கண்ணு தெரிஞ்சவங்களை வெச்சுக்க. மஞ்சக் கலர்ல ஆச்சரியக்குறி இருக்கான்னு கேளு."

லோகப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ராமாமணி விசைப்பலகையில் கை வைத்தாள். இரண்டு வருடமாக ஸ்டார்ட் மெனுவை அவள் எண்ணிக்கையால்தான் அறிவாள். கீழிருந்து இத்தனை அம்பு, வலது பக்கம் ஒன்று, எண்டர். அதையே செய்தாள்.

"அக்கா, வேற என்னமோ தெறந்துருச்சுங்க."

புது விண்டோஸில் மெனுவில் நடுவே ஒரு வரி கூடியிருந்தது. அவள் எண்ணி வைத்திருந்ததெல்லாம் ஒன்று தள்ளிப் போயிருந்தது. சனிக்கிழமை வரை அவளுடையதாக இருந்த மெஷினில் இப்போது அவளே வழி கேட்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். லோகப்பிரியா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் வாசிப்பில் தயக்கம் குறைந்தது. டிவைஸ் மேனேஜர் திறந்தது.

"சவுண்டுன்னு ஒரு வரி இருக்குதுங்க. அதுக்குக் கீழ கார்டோட பேரு."

"ஆச்சரியக்குறி இருக்கா?"

"இல்லீங்கக்கா. செவப்புல பெருக்கல் குறி போட்டிருக்குது."

டெலிபோனின் மறுமுனையில் சசிதருக்கு அது கேட்டது. "என்ன சொன்னா? பெருக்கலா?"

"ஆமா. செவப்பு."

"ராமா, அது தானா வராது. மோதல்னா மஞ்சக்குறிதான் வரும். செவப்புன்னா ஆரோ வேணும்னே நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்." அதற்குள் அவனுடைய போர்டில் இன்னொரு அழைப்பு ஒலித்தது. "பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

"ஆரோ நிறுத்தி வெச்சிருக்காங்களாமா" என்றாள் ராமாமணி.

லோகப்பிரியா நாற்காலியை விட்டு எழுந்தாள். பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு புரட்டுவது நின்றது.

"என்ன லோகு?"

"எஞ்சினியர் சர்வீஸ் ரிப்போர்ட்டு குடுத்துட்டுப் போனாருங்கக்கா. நான்தான் ஃபைல் பண்ணினேன். படிச்சுப் பாக்கல."

"படி."

"வேண்டாமுங்கக்கா."

"லோகு, படி."

லோகப்பிரியா மெதுவாகப் படித்தாள். ஐந்து மெஷின், ஐந்து வரி. நான்கில் 'ஓகே' மட்டும். மூன்றாவதான ராமாமணியின் மெஷினுக்கு நேரே எஞ்சினியர் கையால் எழுதியிருந்தது: நெட்வொர்க் கார்டோடு மோதியதால் சவுண்டு கார்டு நிறுத்தப்பட்டது. சத்தம் தேவையில்லை என்று மேனேஜர் சொன்னார். கீழே எஞ்சினியர் நஞ்சுண்டனின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் கோபாலசாமியின் கையெழுத்து.

ராமாமணிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. பிறகுதான் செக்கிங் ஹாலும் ஸ்டூலும், இரண்டாவது முறை மடிக்கப்பட்ட தலையணை உறைகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நேற்றைய கோபத்துக்கு ஆள் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தது.

டெலிபோன் அடித்தது. சசிதர்.

"சொல்லு, சசி. மொதல்ல இதை முடிச்சுப் போடலாம்" என்றாள்.

சிவப்புக் குறி போட்ட கார்டைத் திறந்து, நிறுத்தியதை விலக்கினார்கள். அடுத்த பக்கத்தில் கார்டின் நம்பர் ஐந்து என்றிருந்தது. நெட்வொர்க் கார்டுக்கும் அதே ஐந்துதான். தானாக முடிவு செய்துகொள் என்ற டிக்கை எடுத்துவிட்டு, சவுண்டு கார்டின் நம்பரை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஏழு, பிரிண்டரோடு மோதுகிறது என்றது. ஒன்பதிலும் ஏதோ இருந்தது. பத்து வந்ததும் லோகப்பிரியா, "எதோடவும் மோதலையாமுங்கக்கா!" என்று கத்தியேவிட்டாள். எண்டர் தட்டினார்கள். மெஷினை அணைத்துத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டது. போட்டார்கள்.

விசிறி சுற்றியது. பீப் கேட்டது. ஹார்ட் டிஸ்க் ஓடியது. ராமாமணி இயர்போனை ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். இதற்கு முன் கேட்டிராத ஒரு புது இசைத் துணுக்கு வந்தது. பழையதைவிட நீளம். அதன் கடைசி முழக்கம் அடங்குவதற்குள், அந்தத் தட்டையான குரல் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லத் தொடங்கியது.

அவள் ரிசீவரில், "படிக்குது" என்றாள்.

"நெட்வொர்க் ஓடுதான்னும் பாத்துக்க. இல்லாட்டி அதுக்கும் உன்னையத்தான் சொல்லுவாங்க."

லோகப்பிரியா தன் மெஷினிலிருந்து ஒரு ஃபைலை அனுப்பினாள். வந்து சேர்ந்தது. எஞ்சினியர் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் சனிக்கிழமையே முடிந்திருக்கும் வேலை.

மூன்றரை மணிக்குக் கோபாலசாமி வந்தார். ராமாமணி ஹாம்பர்க்கின் மூன்றாவது மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் மேசையருகே நின்றார்.

"அட! வந்துருச்சுங்களா? பரவால்லீங்களே, தானாவே சரியாயிருச்சாட்ட இருக்குது."

ராமாமணி இயர்போனைக் கழற்றி வைத்தாள். ரிப்போர்ட்டை எடுத்து அவர் குரல் வந்த பக்கம் நீட்டினாள்.

"சார், மூணாவது வரியக் கொஞ்சம் படிங்க. எனக்குக் கண்ணு தெரியாதுங்களே."

காகிதம் அவர் கைக்குப் போனது. அவர் படிக்கவில்லை. அலுவலகத்தில் டைப் அடிக்கும் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அம்மணி, அது வந்துங்க... அவன் கேபிள் மாட்டுற அவசரத்துல வந்து, சவுண்டு வேணுமா வேண்டாமான்னு கேட்டானுங்க. ஆபீசுக்குப் பாட்டு எதுக்குன்னு வேண்டாமுன்னுட்டேன். அது உங்க மெஷின்னு ஓசனை வரலீங்க. மறந்துபோட்டேன். சாமி சத்தியமா மறந்துதானுங்க போட்டேன்."

"ரெண்டு வருசமா உங்க ரூமுக்கு வெளிய பதினோரு எட்டுல உக்காந்திருக்கனுங்க சார்."

"தப்புத்தானுங்க."

"சரிங்க. சனிக்கெழம மறந்தீங்க. திங்கக்கெழம காலைல நான் உங்க ரூமுக்கே வந்து சத்தம் வரலீன்னு சொன்னப்பவும் மறந்திருந்தீங்களா?"

அவர் கையில் காகிதம் சரசரத்தது.

"அப்ப ஞாபகம் வந்துருச்சில்லீங்க? பேனாவ மூடினீங்க. எனக்குக் கேட்டுது. நான்தான் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன், எஞ்சினியரத் திரும்ப வரச்சொல்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் என்னங்க சொல்லியிருக்கப் போறேன்? அதச் சொல்லறதுக்குக் கூச்சப்பட்டுட்டு, புது சிஸ்டத்துல வராதுன்னு பொய் சொன்னீங்க. என்னையக் கொண்டுபோய் ஸ்டூல்ல உக்கார வெச்சீங்க. பதினஞ்சு நாளு! எனக்கு வேல தெரியும் சார். நான் பாவப்பட்டு இங்க வந்து உக்காரலீங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தில் குரல் நடுங்கியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோபாலசாமி தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன பண்ணோணுமுன்னு சொல்லுங்க அம்மணி."

"அந்த வரிய அடிச்சிட்டு, இந்த மெஷினுக்குச் சத்தம் கட்டாயம் வேணுமின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பறம் கோயமுத்தூருக்கு இப்பவே போன் போட்டு, இனி என்னையக் கேக்காம என்ர மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் எழுதினார். லோகப்பிரியா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். போனும் போட்டார். மறுமுனையில் எஞ்சினியர், யார் கைவைத்து மாற்றியது, அப்படி மாற்றினால் நாங்கள் பொறுப்பில்லை என்று குதிப்பது எல்லோருக்கும் கேட்டது. ராமாமணி ரிசீவரைக் கேட்டு வாங்கினாள்.

"நான்தானுங்க மாத்தினேன். அஞ்ச பத்து ஆக்கினேன். உங்களுக்குத் தெரியலீன்னா சொல்லுங்க, எழுதி அனுப்பறேன்."

கோபாலசாமி அதன்பிறகு தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. லோகப்பிரியா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அக்கா, பின்னி எடுத்துப்போட்டீங்க" என்று கிசுகிசுத்தாள். ராமாமணிக்கு வெற்றி பெற்ற மாதிரியெல்லாம் இல்லை. ஒரே வார்த்தையை மூன்று முறை தப்பாக அடித்து அழித்தாள். ஹாம்பர்க்குக்குப் பதில் போனபோது ஐந்தே முக்கால் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, விடுதிக்குப் பக்கத்து பூத்திலிருந்து சசிதர் வீட்டுக்குப் பேசினாள். அவன் கேட்ட முதல் கேள்வி, "மன்னிப்புக் கேட்டாரா?" என்பதுதான்.

"இல்ல. புதன்கெழம மைசூர்பா டப்பா ஒண்ணு கொண்டாந்து என்ர மேசைல வெச்சாரு. ஊட்டுல விசேசமுங்கன்னாரு. என்ன விசேசமுன்னு கேட்டேன். பேசாமப் போயிட்டாரு."

சசிதர் சிரித்தான்.

"சிரிக்காத, சசி. இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அவன் உடனே நிறுத்திக்கொண்டான். "சரி சரி. சாப்பிட்டியா அதை?"

"சாயங்காலம் பசிச்சுது. ரெண்டு சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. கோவம் அப்படியேதான் இருக்குது."